எடைக்காரன் புசைரி வீட்டுப் பவளம்

எங்கள் தீவுத் துறைமுகமான காலியாங்கெட்டின் உப்புக் கிடங்கில் நாற்பது வருஷம் எடை பார்த்தவன் புசைரி. அந்த நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வெறுங்காலோடு உப்புப் பாத்தியில் இறங்கியதில்லை. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, தலைக்கு மேலே மின்விசிறி. மூட்டை வரும், தராசில் ஏறும், முள் நிற்கும், இவன் எழுதுவான். அவனுக்கும் உப்புக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். ஆனால் தெருவில் யாராவது உப்பைப் பற்றி வாயைத் திறந்தால் முதலில் தொண்டையைக் கனைப்பது அவன்தான்.

தெருவே அவனை பாக் புசைரி என்று மரியாதையாகக் கூப்பிடும். நான் கூப்பிடுவதில்லை. என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். கால்சட்டை இல்லாமல் துறைமுகத்துப் பக்கம் ஓடியதைப் பார்த்தவள் நான். ஆகையால் அவன் என்றுதான் சொல்வேன். யாருக்காவது அது உறுத்தினால் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

அவன் அப்பன் கிடங்கு வாசலில் காவல் இருந்தவன், நல்ல மனுஷன். மகன் மேஜைக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டான், மகனும் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் இவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. மூட்டையிலிருந்து ஒரு கிள்ளு உப்பை எடுத்து நாக்கில் வைப்பான். கண்ணை மூடுவான். "கிழக்குப் பாத்தி, ஆகஸ்ட் மாசம்" என்பான். நாங்கள் உப்பு வாருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எந்தப் பாத்தி, எந்த மாசம் என்று எழுதிய சீட்டு அவன் முழங்கைக்குக் கீழேயே கிடக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தச் சீட்டு அங்கே எதற்கு இருக்கிறது என்பது தெரியும்.

இப்படிப்பட்டவனுக்கு ஹொஸ்னியா மாதிரி ஒருத்தி வாய்த்தாள். எதிர்க்கரைத் தலாங்கோ தீவுக்காரி. காலையில் அரிசிமாவு ஆப்பம் சுட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி வாசலில் விற்பாள். பேச்சு கம்மி. கை மட்டும் எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருக்கும். ஒரே மகள் ருஹானா தைவானுக்குப் போய்ப் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். மகள் போன பிறகு அந்த வீட்டில் கேட்டதெல்லாம் புசைரியின் குரல்தான். ஒரு பெண்பிள்ளை அதை மட்டும் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் உயிரோடு இருக்க முடியும்? ஹொஸ்னியா முன் அறையில் ஒரு தொட்டி வைத்தாள்.

மீன் தொட்டி என்று நினைக்க வேண்டாம். மீன் இரண்டே இரண்டு இருந்தன, மஞ்சளாக. அது பவளத்துக்கான தொட்டி. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். சபெக்கென் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போன சொந்தக்காரன் ஒருவன் வலையில் ஒடிந்து வந்த பவளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கட்டைவிரல் தடிமனில் ஒரு கல் தண்டு, அதன் மேல் ஒரே ஒரு தலை. அந்தத் தலையிலிருந்து பச்சைப் பச்சையாக விரல்கள் நீளும், நுனி மட்டும் ஊதா. வெளிச்சம் போட்டால் விரிந்து தண்ணீரில் ஆடும். அணைத்தால் சுருங்கி உள்ளே போகும். கல்தான், ஆனால் பசிக்கிற கல். வாரத்துக்கு இரண்டு தடவை நசுக்கிய இறாலைக் குழாயால் ஊட்டுவாள். ஒரு தலை இரண்டானது, இரண்டு நாலானது, ஒன்பது வருஷத்தில் பத்தொன்பது தலை. கதவைத் திறந்தால் முன் அறை முழுக்க அந்தப் பச்சைதான் தெரியும்.

அவள் செய்த வேலை எனக்குத் தலைகீழாகத் தெரியும். எதிர்வீடு என்னுடையது. இரண்டு வெள்ளிக்கிழமைக்கு ஒரு தடவை படகேறித் தலாங்கோ போவாள். துறைமுகத்துத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும் என்று அக்கரை முனைக்கே போய், சுத்தமான கடல்நீர் இரண்டு கேன் பிடித்து வருவாள். தொட்டியில் அந்த அளவு பழையதை எடுத்துவிட்டு இதை ஊற்றுவாள். அது வேறு வேலை. தினசரி வேலை இன்னொன்று. தொட்டித் தண்ணீர் காற்றில் ஆவியாகிக் குறையும் இல்லையா, கண்ணாடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். கோட்டுக்குக் கீழே இறங்கியதை நிரப்பக் கடல்நீரைத் தொடவே மாட்டாள். நாம் குடிக்கிற கேன் தண்ணீர்தான். என் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பை அதில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஆஸ்பத்திரி ட்ரிப் குழாயில் மாட்டிச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். பவளம் தன் எலும்பைக் கட்டிக்கொள்ளச் சுண்ணாம்பு வேண்டும். ஆவியான இடத்தை நிரப்ப நல்ல தண்ணீர் வேண்டும். பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குழலின் முகப்பில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கண்ணால் பார்ப்பாள். உப்பு எவ்வளவு என்று அதற்குள் ஒரு கோடு காட்டும்.

இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. உப்பளத்தில் நாங்கள் செய்வது அதுதானே? வெயில் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பை விட்டுவிட்டுப் போகும். மேலும் மேலும் கடல்நீரைப் பாய்ச்சினால் பாத்தி வெளுக்கும். எங்களுக்கு வேண்டியது அந்த வெளுப்பு. பவளத்துக்கு அது சாவு.

புசைரி இதையெல்லாம் பார்த்தானா என்றால், பார்க்கவில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்து, என் பெண்டாட்டி கல்லுக்கு ட்ரிப் ஏற்றுகிறாள் என்று சொல்லிச் சிரித்தான். ஒன்பது வருஷமும் அதே நகைச்சுவை. அவனிடம் வேறு இல்லை.

காலியாங்கெட்டில் பவளம் வளர்க்கிற வீடு ஐந்தாறு இருக்கும். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கேட்டால் மற்றவர் ஒரு தலையை அறுத்துக் கொடுத்துவிட வேண்டும். விலை கிடையாது. கேட்பவர் தன் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். கொடுப்பவர் அதைப் பார்ப்பார். சரியாக இருந்தால் அறுப்பார், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தன்னிடம் மட்டும் இருந்தால் ஒரு நாள் மின்சாரம் போனால் வம்சமே போய்விடும், பத்து வீட்டில் இருந்தால் எங்காவது ஒன்று மிஞ்சும் என்பாள் ஹொஸ்னியா. அப்படித்தான் மத்ராவிக்கும் ஒரு தலை போனது. மத்ராவி மாட்டுக்கால் பாசிப்பயறு சூப்புக் கடைக்காரன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சின்னத் தொட்டி வைத்திருந்தான். புசைரி அன்றைக்கு முழுக்கப் பொருமினான். மாட்டுக்கால் ஆவியில் அது அவிந்து சூப்பாகிவிடும், ஒரு கிண்ணம் வாங்கினால் ஒரு பவளம் இலவசம் என்றான். ஹொஸ்னியா ஆப்பம் திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெயில்காலம் தொடங்குகிற மாசத்தில் ஹொஸ்னியா மௌத்தானாள். காலையில் தலை வலிக்கிறது என்றாள், மதியத்துக்குள் போய்விட்டாள். ருஹானாவால் வர முடியவில்லை. அவள் பார்க்கிற கிழவனை இன்னொரு கையில் ஒப்படைக்காமல் கிளம்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கபுருக்கு எடுத்துப் போகும் முன் போனில் முகம் காட்டினார்கள். அழுது முடித்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எப்பா, நூறாம் நாளுக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் எம்மாவோட பவளத்த மட்டும் பாத்துக்கங்க. மண்ணுகூடப் போட முடியல எனக்கு. அதையாவது கையால தொடணும்."

புசைரி நெஞ்சை நிமிர்த்தினான். ஜனாஸா வீட்டில் நெஞ்சை நிமிர்த்தியவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நாப்பது வருஷம் உப்போட குடும்பம் நடத்துனவன்மா நான். ஒரு தொட்டித் தண்ணியா என்னை ஏமாத்தப் போவுது?"

நாற்பது வருஷம் ஹொஸ்னியாவோடு குடும்பம் நடத்தினேன் என்று சொல்ல வாய் வரவில்லை பாருங்கள்.

ஏழாம் நாள் பாத்திஹா முடிந்ததும் ட்ரிப் குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். வீட்டில் நோயாளி யாரும் இல்லை என்றான். அந்தக் கண்ணாடிக் குழலை அலமாரிக்குள் போட்டான். என் நாக்கைவிடவா இது சரியாகச் சொல்லும் என்றான். மத்ராவி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, தினமும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று பணிவாகக் கேட்டான். மாட்டுக்கொழுப்புக் கையை என் தொட்டியில் விடாதே என்று வாசலோடு அனுப்பிவிட்டான். பிறகு துறைமுகப் படிக்கட்டிலிருந்து கடல்நீர் மொண்டு வந்து, கோட்டுக்குக் கீழே இறங்கிய இடத்தில் ஊற்றினான். தினமும் ஒரு பெரிய செம்பு. காற்றடிக்கிற நாளில் ஒன்றரை.

நான் தெருவைத் தாண்டிப் போனேன்.

"புசைரி, அதுல நல்ல தண்ணி ஊத்து. ஆவியாப் போனது தண்ணி மட்டுந்தான். உப்பு உள்ளயே கெடக்கு. நீ மேல மேல உப்ப ஊத்திட்டிருக்க."

அவன் என்னை எம்பூ என்பான். எங்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம். அந்த வார்த்தையிலிருந்து மரியாதையை மட்டும் எப்படி உருவி எடுப்பது என்று அவனுக்குத் தெரியும்.

"ஏன் எம்பூ, கடல்ல யாராவது குடிதண்ணி கொண்டுபோய் ஊத்துவாங்களா?"

"மழ பெய்யுதே. அதென்ன சாராயமா?"

சாயங்காலம் காப்பிக் கடையில் மழைப் பேச்சை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் சொன்னானாம். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவி எனக்கு உப்புப் பாடம் எடுக்கிறாள் என்றானாம். பெஞ்சே சிரித்ததாம். சிரிக்கட்டும். அந்தப் பெஞ்சில் உட்காருகிற ஒருவனுக்கும் பாத்திக்கும் சம்பந்தமில்லை.

முப்பதாம் நாள் வாக்கில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியது. உப்பளத்தில் அப்படிப் பொருக்குத் தட்டினால் உப்பை இழுத்துச் சேர்க்க வாருகட்டையை எடு என்று அர்த்தம். புசைரி வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய் அதைக் காட்டினான். பாருங்கள், தொட்டிக்குள் கடலே உயிரோடு இருக்கிறது என்றான். விரலைத் தொட்டியில் விட்டு நாக்கில் வைத்தான். சரியாக இருக்கிறது என்றான். தினமும் நக்குகிற நாக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது எப்படித் தெரியும்? நேற்று இருந்தது மாதிரியேதான் இன்றைக்கும் இருக்கும்.

பவளத்துக்குத் தெரிந்தது. விரல்கள் பாதிதான் நீண்டன. பிறகு அதுவும் இல்லை. தலைகள் ஈரக் கையுறை மாதிரிச் சுருங்கி, தண்டிலிருந்து தோல் விலகி, உள்ளேயிருந்த வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்தது. இவன் என்ன செய்தான்? வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு மடங்கு பெரிய விளக்கு மாட்டினான். இருக்கிற நோவில் அதற்குக் கண்ணும் கூசியது. பிறகு சுரபாயாவிலிருந்து புட்டி புட்டியாக மருந்து வரவழைத்தான். ஒவ்வொரு புட்டியிலும் எழுதியிருந்ததை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினான். எழுத்துத் தெரிந்தவன் இல்லையா! அத்தனையையும் படித்தவன் ஒரே ஒரு நாள் அலமாரியைத் திறந்து அந்தக் குழலை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். அது பெண்டாட்டி சாமான். எடுத்தால் நாக்கு சிறுத்துப் போய்விடும்.

அறுபதாம் நாள் பத்துத் தலை மிச்சம். எண்பதாம் நாள் மூன்று. மஞ்சள் மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தெருவில் ஒரு கதையைக் கிளப்பினான். ஹொஸ்னியா போன அன்றைக்கே அந்தப் பவளம் வாடத் தொடங்கிவிட்டதாம். வளர்த்த கையின் பிரிவைத் தாங்க முடியாமல் உருகி உருகிச் சாகிறதாம். பள்ளிவாசல் ஹாஜி முதஸ்ஸிர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார். வெள்ளிக்கிழமை யாசீன் ஓதுகிற பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து தொட்டியைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். இவன் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். பெண்டாட்டியின் சாவை எடுத்துத் தன் முட்டாள்தனத்துக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டான். கடைசியில் என்னிடமே வந்தான். ருஹானா கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள் எம்பூ, எதிர்வீட்டில் இருந்து பார்த்தவர் நீங்கள்தானே என்றான்.

நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கத்தான் செய்தேன்.

அடுத்த வெள்ளி அவன் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில், அந்த வீட்டுக் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும், ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீர் மொண்டுவந்தேன். தலாங்கோவுக்குப் போன பக்கத்துவீட்டுப் பெண்ணிடம் சொல்லி அதே அளவுப் பாட்டிலில் கடல்நீர் வரவழைத்தேன். ஒரே சட்டியில் ஒன்றை முதலில், கழுவிவிட்டு மற்றதைப் பிறகு, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காய்ச்சி வற்றவிட்டேன். இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்தேன். ஒன்றில் நூல் கட்டினேன், எனக்கு அடையாளத்துக்கு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது புசைரிக்குக் கிடங்கில் ஒரு சின்னத் தராசு பரிசாகக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் வைத்துத் தினமும் தூசி தட்டுவான். நான் போய், இரண்டு பொட்டலம் இருக்கிறது, எது கனம் என்று ஒரு தகராறு, நீதான் தீர்த்துவைக்க வேண்டும் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை மாட்டினான். வெள்ளைச் சட்டையின் கையை இழுத்துவிட்டான். மனிதர்கள் பொய் சொல்வார்கள், தராசு சொல்லாது என்றான். ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு உப்பு வாருகிறவனிடமும் சொன்ன வசனம்.

முதல் பொட்டலம். "முப்பத்தஞ்சு கிராம்."

நூல் கட்டியது. "அம்பத்திநாலு."

பிறகு, யாரும் கேட்காமலே, அந்த இரண்டாவதில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். நல்ல வெயிலில் விளைந்த உப்பு, கிழக்குப் பாத்திச் சரக்கு என்றான்.

"ரெண்டும் ஒரே அளவுப் பாட்டில்ல எடுத்து நான் காய்ச்சினது புசைரி. மொதல்ல நிறுத்தது தலாங்கோ கடல். இப்ப நாக்குல வச்சிருக்கியே, அது உன் பொண்டாட்டி தொட்டி."

அவன் நாக்கை உள்ளே இழுக்க மறந்துவிட்டான். பொட்டலத்தை மாற்றி வைத்துவிட்டீர்களா என்று கேட்டான். மறுபடியும் நிறுத்தான். தராசு அதையேதான் சொன்னது. அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டான், வெள்ளைச் சட்டையோடு. எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் வந்தது.

ஒரே ஒரு தலை இன்னும் உயிரோடு இருந்தது. ஓரமாக இரண்டு விரல் பச்சை. நான் தெளிவாகச் சொன்னேன். அவசரப்படாதே, இன்றைக்கு ஒரு செம்பு எடுத்து ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்று, நாளைக்கு ஒரு செம்பு, மெதுவாக இறக்கு, மத்ராவியைக் கூப்பிட்டுக் கேள் என்றேன். தலையை ஆட்டினான். நான் வீட்டுக்கு வந்து தொழுதேன். அஸருக்குப் பிறகு எட்டிப் பார்த்தால் முன் அறையில் ஆறு குடிநீர்க் கேன் காலியாக உருண்டு கிடக்கிறது. மூன்று மாசத்தில் ஏற்றியதை ஒரே மதியத்தில் இறக்கிவிட்டான். மறுநாள் அந்தக் கடைசித் தலை தயிர் மாதிரிக் கரைந்தது. தொட்டி நாறியது.

நூறாம் நாளுக்கு ஐந்து நாள் இருந்தது.

அவன் மத்ராவி கடைக்குப் போனான். போய் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப் சாப்பிட்டான். எழுந்து வந்துவிட்டான். மறுநாளும் போனான், ஒரு கிண்ணம் சாப்பிட்டான், வந்துவிட்டான். ஆயுசில் அந்தக் கடைப் படி ஏறாதவன் இரண்டு நாளில் இரண்டு கிண்ணம். மத்ராவி அவன் கையைத்தான் பார்த்தானாம். கையில் பாட்டில் இல்லை. வாயைத் திறந்து கேட்காதவனுக்குக் கொடுப்பது எங்கள் ஊர்ப் பவளக்காரர்களிடம் வழக்கமில்லை. மூன்றாம் நாள் என்ன செய்வான் என்று பார்க்க நானும் போய் மூலையில் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தான். கையில் பாட்டில். கடை நிறைய ஆள். மத்ராவியின் தொட்டியில் ஹொஸ்னியாவின் பச்சை, பதினோரு தலை, ஆடிக்கொண்டிருந்தது. ஆவியில் அவியவும் இல்லை, சூப்பாகவும் இல்லை. புசைரி பாட்டிலைக் கல்லாமேல் வைத்தான். மத்ராவி சோப்புப் போட்டுக் கை கழுவினான். குழலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். பிறகு பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனான்.

"உப்பு சரியாத்தான் இருக்கு பாக். ஆனா தண்ணி அழுகியிருக்கு. இதுல கொண்டுபோய் வச்சா நாலு நாள் தாங்காது. இப்பத் தர முடியாது."

மாட்டுக்கொழுப்பு, அது இது என்று புசைரி கத்தப் போகிறான் என்று நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவன் கத்தவில்லை.

"அப்ப எம்பொண்ணுக்கு நான் என்னத்தக் காட்டுவேன்?"

"இங்க கூட்டிட்டு வாங்க" என்றான் மத்ராவி. அவ்வளவுதான். அடுத்த கிண்ணத்துக்குப் பயறு அள்ளப் போய்விட்டான்.

நூறாம் நாள் காலையில் ருஹானா வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே தொட்டிக்குப் போனாள். உள்ளே பத்தொன்பது வெள்ளை எலும்பு. புசைரிக்கு அந்தப் பிரிவுக் கதை தொண்டை வரை வந்திருந்தது, முகத்தில் தெரிந்தது. குரலைக்கூட அதற்குத் தோதாகத் தாழ்த்தினான். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். என் விரலிலிருந்த சுண்ணாம்பைப் பார்த்தான்.

"நாந்தாம்மா கொன்னுட்டேன். உப்ப ஏத்தி ஏத்திக் கொன்னுட்டேன்."

அந்தப் பெண் கண்ணாடியிலிருந்த சிவப்புக் கோட்டை விரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு அவன் முன்னால் நடக்க, இவள் பின்னால் நடந்தாள். சூப்புக் கடையில் மத்ராவியின் மனைவி அவள் கையை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டாள். கையை மெதுவாகத் தொட்டிக்குள் விட்டாள் ருஹானா. அந்தப் பவளத்தின் விரல்கள் தொட்டால் கொஞ்சம் ஒட்டும். ஹொஸ்னியாவின் கையிலும் அப்படித்தான் ஒட்டும். இவள் கையிலும் ஒட்டியது. முழங்கை வரை நனைந்து நின்றாள், சாப்பிட வந்தவர்கள் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஒதுங்கி வழி விட்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எடுத்த பிறகு, பசிக்கிறது என்றாள்.

அன்று யாசீன் முடிந்து சோற்றுப் பொட்டலம் கொடுக்கும் நேரத்தில், ஹாஜி முதஸ்ஸிர் பிரிவாற்றாமையில் மாண்ட பவளத்தைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை பேசத் தொடங்கினார். புசைரி எழுந்து, அப்படி இல்லை ஹாஜி, தப்பு என்னுடையது என்று சொன்னான். சொன்னான்தான், மூன்று பேருக்குக் கேட்கிற குரலில். நான் பெண்கள் பக்கத்திலிருந்து மற்றவர்களுக்குக் கேட்கும்படி மறுபடி சொன்னேன். அதற்கு அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நல்ல வாரம்.

ருஹானா திரும்பிப் போகும் முன் அந்த எலும்புகளைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். ட்ரிப் குழாயை மறுபடி மாட்டினாள். அலமாரியிலிருந்து கண்ணாடிக் குழலை எடுத்து, தராசு இருந்த இடத்தில் வைத்தாள். தராசைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள். அப்பனிடம் வேறு ஒன்றும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. என்னிடம் சுண்ணாம்பு தீராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

நாலு மாசம் மத்ராவி அவனைப் பாட்டிலும் கையுமாக நடக்கவிட்டான். மூன்று தடவை திருப்பி அனுப்பினான். நாலாவது தடவை ஒரு தலையை அறுத்துக் கொடுத்தான். அது இப்போது மூன்றாகியிருக்கிறது. இரண்டு வெள்ளிக்கு ஒரு வெள்ளி புசைரி கேனோடு தலாங்கோ படகில் நிற்பதைப் பார்க்கலாம், வெள்ளைச் சட்டையில். ஆவியாவது தண்ணீர், உப்பு ஆவியாவதில்லை, இது யாருக்கும் தெரிவதில்லை என்று படகுக்காரனுக்குப் பாடம் எடுப்பான். தானே கண்டுபிடித்த மாதிரி. யார் காய்ச்சி, யார் நிறுத்துக் காட்டியது என்ற பேச்சே வராது.

போன வாரம் கடைத்தெரு தையல்காரி ஒருத்தி அவனிடம் ஒரு தலை கேட்டு வந்தாள், பாட்டிலில் தண்ணீரோடு. வழக்கம் தெரிந்தவள். புசைரி பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, விரலை உள்ளே விட்டான். விரலை வெளியே எடுத்தான். வாய் திறந்தது.

நான் எதிர்வீட்டு வாசலிலிருந்து இருமினேன்.

விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, குழலை எடுக்க உள்ளே போனான்.